இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய சின்ன வண்டியை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம். நான் இப்போது வைத்திருக்கும் வேகன்ஆர் அந்தக் கணக்கைத் தாண்டித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 998 சிசி பெட்ரோல் இன்ஜின், இதுவரை ஹெட்டை (இன்ஜினின் மேல்பாகத்தை) கழற்றியதில்லை, ஏசி போட்டுக்கொண்டு நாலு பேரோடு சென்னையிலிருந்து மதுரை போய்விட்டுத் திரும்பி வருகிறது. ஆனால் பழைய வண்டி பார்க்கக் கிளம்பும் சொந்தக்காரர், நண்பர் யாராக இருந்தாலும் முதல் கேள்வி "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதுதான். அறுபதாயிரம் என்றால் முகம் மலர்ந்துவிடும். ஒன்றரை லட்சம் என்றால் கதவைக்கூடத் திறந்து பார்க்காமல் கிளம்பிவிடுவார்கள், நல்ல வண்டிகள் பல இப்படித்தான் கைநழுவிப் போகின்றன என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

அந்தக் கிலோமீட்டர் எங்கே ஓடியது என்று யாருமே கேட்பதில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிற ஓட்டத்தில் இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் அணைந்துவிடுகிறது. தேய்மானம் அதிகமாக நடப்பதே அந்த ஆறிப்போன நிலையில்தான். பெட்ரோல் எரிவதால் உண்டாகும் ஈரமும் வெளியேறாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். அதோடு கிளட்ச், முதல் கியர், பிரேக் மூன்றும் ஓயாமல் வேலை செய்யும். பைபாஸில் ஐந்தாவது கியரில் எண்பதில் போகிற வண்டிக்கு இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. அமெரிக்காவின் கான்சாஸில் டெலிவரி வேலை பார்த்த ஒரு பெண், 2013 மாடல் ஹூண்டாய் எலான்ட்ராவை ஐந்தே வருடத்தில் பத்து லட்சம் மைல் ஓட்டினார், நம் கணக்கில் 16 லட்சம் கிலோமீட்டர். அங்கே அது சாதாரண விலை கார்தான். அந்த இன்ஜினுக்கு ஆறிப்போக நேரமே இருந்திருக்காது.

நம் ஊர் டி போர்டு (வாடகை) வண்டிகளைப் பாருங்கள். எட்டியோஸ் டீசல், பழைய டிசையர் டீசல் இரண்டிலும் மூன்று நான்கு லட்சம் ஓடியவை சர்வ சாதாரணம். டிசையரில் இருந்த 1248 சிசி ஃபியட் இன்ஜின் எத்தனையோ கம்பெனி வண்டிகளில் வந்ததால் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் எல்லா ஊரிலும் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை கட்டுப்பாட்டு விதி வந்தபோது இரண்டு டீசலும் நின்றுபோயின, ஆனால் சாலையில் இன்னும் ஓடுகின்றன.

விலை குறைந்த வண்டி உழைக்காது என்று சொல்பவர்களிடம் நான் மாருதி 800-ஐத்தான் காட்டுவேன். 1983 டிசம்பரில் வந்தது, 2014 வரை தயாரித்தார்கள், 796 சிசி, மூன்று சிலிண்டர். டர்போ கிடையாது, எடையும் குறைவு. எடை குறைந்தால் கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் பாரம் குறைவு. கெட்டுப்போக அதில் இருந்த சாமான்களே கொஞ்சம்தான், கெட்டாலும் சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ சல்லிசாகக் கிடைத்துவிடும். பெரிய சொகுசுக் கார் பத்து வருடத்தில் ஓரமாக நின்றுவிடுவதற்கு இன்ஜின் போவதைவிட, ஒரு பாகத்தின் விலையைக் கேட்டு உரிமையாளர் மலைத்துப்போவதுதான் பெரும்பாலும் காரணம்.

சரி, சின்ன வண்டி எதனால் சாகிறது? என் அனுபவத்தில் முதல் எதிரி, இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டை அலட்சியம் செய்வது. கூலன்டுக்குப் பதிலாக போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்து, ஒரு மே மாத மதியத்தில் சூடேறி, அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய்விடும். அதற்கு அடுத்தது டைமிங் பெல்ட், அதாவது இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட். 796 சிசி ஆல்டோ வாங்குகிறவர்கள், பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள். என் வண்டியில் அந்த வேலைக்கு இருப்பது செயின், அதற்கு நேரத்துக்கு ஆயில் மாற்றினால் போதும். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட், கிளட்ச் பிளேட் இதெல்லாம் தேயத்தான் செய்யும், அதைச் செலவாக எடுத்துக்கொள்ளுங்கள், வண்டி முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

துருவுக்குத்தான் நான் உண்மையில் பயப்படுவேன். கடலோர ஊர்களில் நின்ற வண்டியென்றால் கார்பெட்டைத் தூக்கித் தரையைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை வண்டிகள் எவ்வளவோ கழுவித் துடைத்து வெளியூர்களுக்குப் போயின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், முழுகிய வண்டியில் உள்ளே சேற்றுக் கறை இருக்கும்.

ஓடோமீட்டரில் காட்டும் கிலோமீட்டரைக் குறைத்து வைப்பது இன்று மடிக்கணினியோடு வந்து முடித்துவிடுகிற வேலை. எண் அறுபதாயிரம் என்று சொல்லும், ஆனால் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும், ஸ்டியரிங் பளபளக்கும், ஓட்டுநர் சீட்டு ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். அப்படி ஒரு வண்டியும், சர்வீஸ் பில்லை ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருக்கும் ஒருவரின் இரண்டு லட்சம் ஓடிய வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், யோசிக்காமல் இரண்டாவதற்கே போவேன். காலையில் ஆறிய இன்ஜினோடு எடுக்கச் சொல்லுங்கள், ஆயில் எரிவதைக் காட்டும் நீலப் புகை வருகிறதா என்று பாருங்கள், உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். பதினைந்து வருடத்தை நெருங்கும் வண்டியென்றால் எஃப்சி (தகுதிச் சான்று) எடுத்து ஆர்சியை (பதிவுச் சான்றை) புதுப்பிக்கும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள், புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம்.