சைப்ரஸின் கடைசி ராணி

மகளைத் தத்துக் கொடுத்துக் கேள்விப்பட்டிருப்போம். ஒரு பெண்ணை ஓர் அரசாங்கமே தத்தெடுத்த கதை கத்தரீனா கோர்னாரோவுடையது. அப்போது தனி நாடாக இருந்த இத்தாலிய நகரம் வெனிஸ். அங்கே ஒரு பெரிய வணிகக் குடும்பத்துப் பெண். 1468-ல், பதினான்கு வயது நிரம்பும் முன்பே, சைப்ரஸ் மன்னர் இரண்டாம் ஜேம்ஸோடு திருமணம். மாப்பிள்ளை நேரில் வரவில்லை, அவர் சார்பில் ஆள் நின்றார். வெனிஸ் அவளைத் தன் மகளாகவே அறிவித்துக்கொண்டது. பாசமெல்லாம் இல்லை, கண் சைப்ரஸ் தீவின் மேல்தான்.

1472-ல் தீவுக்குப் போனாள். மறு வருஷமே கணவர் இறந்தார், அப்போது அவள் நிறைமாதக் கர்ப்பிணி. பிறந்த மகனுக்கும் ஆயுள் ஒரு வருஷம்தான். இதற்கு நடுவில் சைப்ரஸின் துறைமுக நகரான ஃபாமகுஸ்தாவின் அரண்மனையில் கலகம். கூட இருந்த சித்தப்பாவை வெட்டிக் கொன்றார்கள்.

அப்புறம் பதினைந்து வருஷம் பேருக்கு ராணி. ஆட்சி செய்தது வெனிஸ் அனுப்பிய அதிகாரிகள். 1489-ல் "போதும், இறங்கு" என்று சொல்ல அவள் சொந்தச் சகோதரனையே அனுப்பினார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

பதிலுக்கு வெனிஸ் அருகே அசோலோ என்ற சிறு மலையூரைக் கொடுத்தார்கள். அங்கே கவிஞர்கள், இசை, விருந்து என்று தர்பார் நடத்தினாள். 1510-ல் இறக்கும்வரை சைப்ரஸ், ஜெருசலேம், அர்மேனியா ராணி என்ற பட்டத்தை மட்டும் விடவில்லை. ஜெருசலேம் அவள் பிறப்பதற்கு இருநூறு வருஷம் முன்பே கிறிஸ்தவ அரசர்களின் கைவிட்டுப் போயிருந்தது!