நிலக்கரி ஊரில் ஒரு வெள்ளிக்கிழமை

ஜெர்மனியில் எசன் நகரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு 2024 செப்டம்பரில் போனபோது, அக்கா கையில் ஒரு பெரிய பட்டியல் இருந்தது. கொலோன் தேவாலயம், ரைன் நதியில் படகு, ஒரு நாள் ஆம்ஸ்டர்டாம். மாமா குறுக்கே வந்து, "மாப்ள, 20ஆம் தேதி சாயங்காலத்த மட்டும் எனக்குக் குடுத்துடு. ஷால்கே ஃபுட்பால் மேட்ச். ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவரோட அப்பா டிக்கெட் எடுத்து வச்சிருக்கார்" என்றார்.

எனக்கு ஷால்கே என்றால் ஒரே ஒரு ஞாபகம்தான். 2011 ஏப்ரல், நெய்வேலி குவார்ட்டர்ஸில் நடுராத்திரி, சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சாம்பியன்ஸ் லீக் பார்த்துக்கொண்டிருந்தேன். நடப்புச் சாம்பியன் இன்டர் மிலானை அவர்கள் ஊரிலேயே வைத்து 5–2 என்று அடித்தது ஷால்கே. ரவூல் விளையாடிய அணி. கோல்கீப்பர் மானுவல் நோயர். அரையிறுதி வரைக்கும் போனார்கள். அந்த அணி இப்போது நான் போன நேரத்தில் ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷனில் தவித்துக்கொண்டிருந்தது.

"அங்க போய் என்ன பாக்கறது மாமா?"

"கூட்டத்தப் பாரு" என்றார்.

எசனிலிருந்து கெல்சன்கிர்ஷனுக்கு ரயிலில் பத்து நிமிஷம். ஸ்டேஷனில் இறங்கியதுமே நீலமும் வெள்ளையும்தான். மேட்ச் டிக்கெட் இருந்தால் ட்ராமுக்குத் தனியாகக் காசு கிடையாது. 302ஆம் நம்பர் ட்ராம். அதில் ஏறினோம் என்று சொல்வதைவிட, ஏற்றப்பட்டோம் என்பதே சரி. தைப்பூசத்துக்கு வடலூர் போகும் பஸ் ஞாபகம் வந்தது. அதே நெருக்கம், அதே பொறுமை. யார் காலை யார் மிதித்தாலும் முகம் சுளிக்கவில்லை.

ட்ராம் கொஞ்ச தூரம் சுரங்கப் பாதையில் ஓடி மேலே ஏறுகிறது. அப்புறம் வருவதுதான் ஷால்கே. நகரத்துக்குள் ஒரு பேட்டையின் பெயர் அது. சாலையின் இரண்டு பக்கமும் வீட்டுச் சுவர், மின்பெட்டி, மதுக்கடைப் பலகை எல்லாவற்றிலும் நீலமும் வெள்ளையும். நடுநடுவே ஷட்டர் இறங்கிய கடைகள். ஜெர்மனியில் வேலையில்லாத் திண்டாட்டம் அதிகமுள்ள நகரங்களின் வரிசையில் கெல்சன்கிர்ஷன் பல வருஷமாக முன்னால் நிற்கிறது. ஒரு காலத்தில் இதற்கு 'ஆயிரம் நெருப்புகளின் நகரம்' என்று பெயர். இரும்பு ஆலையும் நிலக்கரியைச் சுடும் கோக் உலையும் ராத்திரியெல்லாம் எரிந்த ஊர். இந்தச் சாலையிலேயே அவர்களுடைய பழைய மைதானம் இருக்கிறது, 1928இல் திறந்தது. அதன் பெயரிலேயே 'குளூக்அவ்ஃப்' என்ற வார்த்தை உண்டு. சுரங்கத் தொழிலாளிகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வணக்கம் அது. நல்லபடியாக மேலே வந்து சேர் என்கிற வாழ்த்தும் அதற்குள் இருக்கிறது.

இது எனக்கு அந்நியமாகப் படவில்லை. அப்பா நெய்வேலி முதல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் திறந்தவெளிச் சுரங்கம், பழுப்பு நிலக்கரி. இங்கே பூமிக்குள் ஆயிரம் மீட்டர் வரை இறங்கிக் கறுப்பு நிலக்கரி எடுத்தார்கள். ஆனால் ஷிஃப்டை வைத்தே வீட்டில் சாப்பாடும் தூக்கமும் நடக்கிற ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிளப்பின் பழைய வீரர்கள் பலரும் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள்தான். அவர்களில் மிகப் பெரிய பெயரான எர்ன்ஸ்ட் குசோராவும் அப்படித்தான். இன்றைக்கும் அணிக்குச் செல்லப் பெயர் 'சுரங்கக்காரர்கள்'.

கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் ஸ்டேடியம் வந்துவிட்டது. வாசலில், டிக்கெட் எடுத்து வைத்திருந்த அந்தப் பெரியவர் காத்திருந்தார்.

எழுபது வயதிருக்கும். கெல்சன்கிர்ஷனின் பூர் பகுதியில் இருந்த ஹூகோ சுரங்கத்தில், அது 2000இல் மூடுகிற வரைக்கும் வேலை பார்த்தவர். கை குலுக்கினால் நம் கை உள்ளே காணாமல் போய்விடும். அவர் போட்டிருந்தது 'குட்டே' என்று இங்கே சொல்கிற கையில்லாத ஜீன்ஸ் சட்டை. அதில் துணியே தெரியாத அளவுக்கு முன்னும் பின்னும் துணிப் பட்டைகள் தைத்திருந்தார்கள். ஜெர்மனியில் பழைய தலைமுறை ரசிகர்களின் உடுப்பு இது. எதற்கு எது என்று மாமாவை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன். பெரியவர் தெருவிளக்கடியில் நின்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார். 1997, மிலான்: யுஇஎஃப்ஏ கோப்பை இறுதியில் இன்டரை பெனால்டியில் ஜெயித்தது. 2011, ஜெர்மன் கோப்பை: டூயிஸ்பர்க்கை 5–0. 2022, முதல் டிவிஷனுக்குத் திரும்பி வந்தது. எல்லாம் மனைவி கையால் தைத்தது. ஒவ்வொரு பட்டையையும் சுற்றிச் சின்னச் சின்னத் தையல், நீல நூலில், ஒரே அளவு இடைவெளி. இடது மார்பில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காலியாக விட்டிருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"லீக் சாம்பியன் பட்டத்துக்கு" என்றார்.

ஷால்கே ஏழு தடவை ஜெர்மன் சாம்பியன். ஆனால் கடைசிப் பட்டம் 1958இல் வாங்கியது. இப்போதைய முதல் டிவிஷனான புண்டஸ்லீகா 1963இல் தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட இல்லை. மிக நெருங்கி வந்தது 2001 மே 19. அன்றைக்கு ஷால்கே தன் கடைசி ஆட்டத்தை முடித்துவிட்டது. ஹாம்பர்கில் பயர்ன் மியூனிக் தோற்றுவிட்டதாகச் செய்தி பரவி, ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஆனால் அங்கே ஆட்டம் முடிந்திருக்கவில்லை. கூடுதல் நேரத்தில் பயர்னின் பேட்ரிக் ஆண்டர்சன் ஒரு ஃப்ரீ கிக்கில் சமன் செய்ய, பட்டம் அந்தப் பக்கம் போனது. நான்கு நிமிஷத்துக்குச் சொச்சம் சாம்பியனாக இருந்தார்கள். 'இதயங்களின் சாம்பியன்' என்று அந்த அணிக்குப் பெயர் வந்தது. பெரியவரும் அன்று உள்ளே இறங்கியவர்தான். ஒரு பிடி புல் பிய்த்து எடுத்துப்போனாராம்.

சரி, அங்கிருந்து இரண்டாம் டிவிஷனுக்கு எப்படி வந்தார்கள்? கையில் இல்லாத காசைச் செலவழித்தது முக்கியக் காரணம். சாம்பியன்ஸ் லீக் வருமானம் வந்துகொண்டே இருக்கும் என்று நம்பிப் பெரிய சம்பளத்துக்கு ஆள் எடுத்தார்கள். வருமானம் நின்றது, கொரோனாவும் வந்தது, கடன் 20 கோடி யூரோவைத் தாண்டியது. 2020 ஜனவரி முதல் 2021 ஜனவரி வரை தொடர்ந்து 30 லீக் ஆட்டங்களில் வெற்றியே இல்லை. இன்னும் ஒன்று போயிருந்தால் 1965–66இல் டாஸ்மேனியா பெர்லின் வைத்த மோசமான சாதனையைத் தொட்டிருப்பார்கள். 2020–21 சீசனில் மட்டும் ஷால்கேவுக்கு ஐந்து பயிற்சியாளர்கள். 30 வருஷம் விடாமல் முதல் டிவிஷனில் இருந்த கிளப் கீழே இறங்கியது.

அது பெரும்பாலும் காலி ஸ்டேடியத்தில் நடந்தது. பெரியவர் இதைத்தான் அதிகம் பேசினார். "வீட்டுல ஒருத்தர் சாகக் கிடக்கும்போது ஆஸ்பத்திரி வாசல்லயே நிறுத்தி வச்ச மாதிரி" என்று அவர் சொன்னதை மாமா தமிழில் சொன்னார். இறங்குவது உறுதியான ராத்திரி, ஸ்டேடியத்துக்குத் திரும்பிய வீரர்களை ஒரு கூட்டம் முட்டை வீசித் துரத்தியதும் நடந்தது. அதைப் பற்றிக் கேட்டதும் பெரியவர் முகம் இறுகிவிட்டது. அதை அவர் மன்னிக்கவில்லை. எனக்கும் அது விசுவாசத்தின் கணக்கில் வருவதாகத் தோன்றவில்லை.

அடுத்த வருஷமே மேலே ஏறினார்கள். அதற்கடுத்த வருஷமே மறுபடி இறங்கினார்கள். இவ்வளவுக்கும் பிறகு, எதிரணி டார்ம்ஸ்டாட் என்ற ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு 60,000 பேருக்கு மேல் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கிளப் இன்னமும் உறுப்பினர்களின் சங்கம்தான், தனி முதலாளி கிடையாது. உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்து எழுபதாயிரத்தைத் தாண்டியாகிவிட்டது. கெல்சன்கிர்ஷனின் மக்கள்தொகையே மூன்று லட்சத்துக்குள்தான்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் பெரியவர் வீரர்கள் வரும் வழியைக் காட்டினார். சுரங்கம் மாதிரியே அமைத்திருக்கிறார்கள், கரிப் பாறைச் சுவரும் தாங்குக் கட்டைகளுமாக. ஷிஃப்டுக்குப் போகிறவர்களைப் போல அதற்குள்ளிருந்து வெளிச்சத்துக்கு வருகிறார்கள். அதற்கு முன்னால் பழைய சுரங்கத் தொழிலாளர் பாட்டு. விளக்கை ஏற்றிக்கொண்டு மேஸ்திரி வருகிறார் என்று தொடங்கும். பக்கத்தில் எட்டு வயதுப் பையன், முன்னால் இரண்டு பெண்கள், பின்னால் துருக்கிக் குடும்பம் ஒன்று, எல்லோரும் கழுத்துத் துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே விரித்துப் பிடித்துப் பாடினார்கள். இந்த ஊர்களெல்லாம் அடங்கிய ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் பக்கத்து ஊரான பாட்ராப்பில் மூடிவிட்டது. அந்தப் பையன் சுரங்கத்தையே பார்த்திருக்க மாட்டான். ஒரு வரி விடாமல் பாடினான். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. அப்பா ஞாபகம்.

ஆட்டம் தொடங்கியது. ஷால்கே ஒரு கோல். இரண்டாவது. மூன்றாவது!

இவ்வளவு அடி வாங்கியவர் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்திருந்தேன். பெரியவர் குதித்தார். முன்வரிசை ஆட்கள் ஏறி வந்து அவரைக் கட்டிக்கொண்டார்கள், அவர் என்னைக் கட்டிக்கொண்டார். பியர் மழையாகப் பெய்தது. வடக்குப் பக்கம் நின்றுகொண்டே பார்க்கிற நோர்ட்குர்வேயில் கொடிகள் எழும்பிப் புல்வெளியையே மறைத்தன. அந்த முகத்தில் 2001 இல்லை, 30 ஆட்டங்கள் இல்லை, எதுவும் இல்லை. முழுசாக நம்பினார்.

அப்புறம் டார்ம்ஸ்டாட் ஒன்று போட்டது. பரவாயில்லை என்று பாட்டு இன்னும் சத்தமானது. இன்னொன்று. பாட்டு நிற்கவில்லை, ஆனால் சுருதி மாறியது. கேட்டால் தெரியும், தொண்டையிலிருந்து வந்தது இப்போது வயிற்றிலிருந்து வருகிறது. 3–3 ஆனபோது ஒரு விநாடி அமைதி. அத்தனை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சு விடாமல் இருந்தால் அந்த அமைதிக்கே ஒரு எடை உண்டு. நோர்ட்குர்வேயில் மெகாஃபோன் வைத்திருந்தவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார், கூட்டம் பின்பாட்டு எடுத்தது. நான்காவது. ஐந்தாவது.

அப்போது விசில் கிளம்பியது. நம் ஊர்க் காதுக்கு விசில் என்றால் கொண்டாட்டம். என்னடா, தோற்கும்போது விசிலடித்து உற்சாகப்படுத்துகிறார்களே என்று ஒரு கணம் மனசு பூரித்துவிட்டது. மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல மாப்ள, இங்க விசிலடிச்சா திட்டறாங்கன்னு அர்த்தம்" என்றார். நாலாபக்கமும் கூரைக்குக் கீழே அந்தச் சத்தம் சுழன்று சுழன்று காதைக் கிழித்தது. விளையாடியவர்கள் தலையைத் தூக்கவில்லை. பெரியவரும் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒன்று அடித்தார். கோபத்தில் அவர் கண் கலங்கியிருந்தது.

அந்தக் கோபத்தை நான் முழுசாக மதிக்கிறேன். விசுவாசமான ரசிகர் என்றால் எது நடந்தாலும் கைதட்டுகிறவர் என்று தூரத்திலிருந்து நினைத்திருந்தேன். வீட்டுப் பிள்ளை தப்பு செய்தால் வீட்டில் உள்ளவர்கள்தான் சத்தம் போடுவார்கள். விருந்தாளி சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார். முடிவு விசில் ஊதியதும் கிளம்பியவர்கள் இருந்தார்கள், ஆனால் நோர்ட்குர்வே நகரவே இல்லை. பெரியவரும் நகரவில்லை. ஸ்கோர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"2001இல கடைசி ஆட்டம் உன்டர்ஹாக்கிங்கூட. 5–3ன்னு ஜெயிச்சோம்" என்றார். பலகையில் 3–5 என்று இருந்தது. வேறெதுவும் சொல்லவில்லை.

வெளியே வந்து கப்புகளைத் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொண்டு ட்ராமுக்கு நடந்தோம். கூட்டம் மெதுவாக நகர்ந்தது. யாரோ, நல்லவேளை அடுத்த எதிரி 'லூடன்ஷைட் வடக்கு' இல்லை என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். பரம எதிரியான டார்ட்மண்ட் அணியின் பெயரை இவர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள், அதற்கு வைத்த பெயர் அது. மறுநாள் பயிற்சியாளர் கரேல் கெரார்ட்ஸையும் விளையாட்டு இயக்குநர் மார்க் வில்மோட்ஸையும் கிளப் அனுப்பிவிட்டதாகச் செய்தி வந்தது. அந்த சீசனை 14ஆம் இடத்தில் முடித்தார்கள். ஊர் திரும்பிய பிறகும் நான் ஒவ்வொரு வாரமும் ஸ்கோர் பார்த்தேன். சொந்த ஊரில் ஆடும்போதெல்லாம் ஸ்டேடியம் அப்படியேதான் நிரம்பியது.

அன்று ராத்திரி ட்ராமில் பெரியவருக்கு உட்கார இடம் கிடைத்தது. குட்டேயைக் கழற்றி மடியில் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு பட்டையாகத் தடவிப் பார்த்தார். 2011ஆம் வருஷத்துப் பட்டையின் ஒரு மூலை பிய்ந்து நீல நூல் தொங்கியது. மூன்றாவது கோலுக்கு யாரோ இழுத்துக் கட்டிக்கொண்டபோது போயிருக்க வேண்டும். நூலை அறுக்காமல் விரலில் சுற்றி உள்ளே செருகினார். மாமாவிடம் ஏதோ சொன்னார்.

"அடுத்த ஹோம் மேட்சுக்குள்ள தைக்கணுமாம்" என்றார் மாமா.