மழையில் போர்ட்டோ: டைல்ஸ் பதித்த சுவர்களைத் தேடி

அக்டோபர் 19, சனி

மதியம் போர்ச்சுகலில் உள்ள போர்ட்டோ நகருக்கு வந்து இறங்கினோம், அக்காவும் நானும். நல்ல மழை. மெட்ரோவில் ஊருக்குள் வரும் வரை ஜன்னலில் தண்ணீர் வழிவது மட்டும்தான் தெரிந்தது. தங்கும் வீட்டு அம்மா கையில் சாவியைக் கொடுத்து "ஷாவ்" என்றார், சாரல் உள்ளே வருகிறதே என்று ஜன்னலைச் சாத்தும்போது "ஜனேலா" என்றார், நனைந்த கோட்டை மாட்ட "அர்மாரியு" ஒன்றைத் திறந்துவிட்டார். சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியச் சொற்கள் என்று பள்ளியில் படித்ததுதான். ஆனாலும் ஒரே நிமிடத்தில் மூன்றையும் அவர் வாயால் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அக்டோபர் 20, ஞாயிறு

மழைக்கு ஒதுங்கத்தான் சாவ் பென்டோ ரயில் நிலையத்துக்குள் நுழைந்தோம், வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. பழைய கன்னியர் மடம் இருந்த இடத்தில் கட்டி 1916-இல் திறந்த நிலையம். முன்மண்டபச் சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமாக ஏறக்குறைய 20,000 டைல்ஸ், ஜார்ஜ் கொலாசு என்ற ஓவியர் வரைந்தவை. 1415-இல் வட ஆப்பிரிக்காவில் உள்ள செய்யூட்டாவைப் போர்ச்சுகீசியர்கள் பிடித்த காட்சி ஒரு பக்கம் இருக்கிறது. எனக்கு என்னவோ போர்க் காட்சிகளைவிட, அறுவடை, திராட்சை பறிப்பு என்று கிராமத்து வேலைகளைக் காட்டும் சின்னச் சின்னப் படங்கள்தான் பிடித்தன. உள்ளூர்க்காரர்கள் குடையை உதறிவிட்டு நேரே பிளாட்பாரத்துக்கு ஓடுகிறார்கள், தினமும் பார்க்கிறவர்கள்தானே.

அக்டோபர் 21, திங்கள்

வெயிலுக்குக் காத்திருந்தால் அறையிலேயே பொழுது போய்விடும் என்று காலையிலேயே கிளம்பி, சாண்டா கத்தரினா தெருவில் இருக்கும் அல்மாஸ் சிற்றாலயத்தைப் பார்த்தோம். வெளிச்சுவர் முழுக்க 15,947 டைல்ஸ். பார்த்தால் பல நூற்றாண்டுப் பழையது போல இருக்கிறது, ஆனால் பதித்தது 1929-இல்தான். மழையில் நனைந்து அந்த நீலம் பளிச்சென்று நின்றது.

ஆனால் இன்று முழுக்க என்னை இழுத்தது தேவாலயங்கள் இல்லை, சாதாரண வீடுகள். ஒடுங்கலாக, நாலைந்து மாடி உயரத்துக்கு, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். ஒன்று பச்சை, அடுத்தது மஞ்சள், அதற்கடுத்தது தேன் நிறம். சிலவற்றில் விரலால் தடவினால் பூவும் இலையும் புடைத்துக்கொண்டு தட்டுப்படும். டோரு ஆற்றுக்கு அக்கரையில் கயா என்ற ஊரில் இருந்த டெவேசாஸ் போன்ற தொழிற்சாலைகள் செய்த புடைப்பு டைல்ஸ் இவை. 19-ஆம் நூற்றாண்டில் பிரேசிலுக்குப் போய்ச் சம்பாதித்துத் திரும்பியவர்கள் கட்டிய வீடுகளால் இந்த வழக்கம் பரவியது என்று படித்திருந்தேன், அழகுக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்புறம் ஒரு சந்தில் திரும்பியபோது அக்கா "இங்க பாருடி, பக்கத்துச் சுவர்ல டைல்ஸே இல்ல, தகரம் அடிச்சிருக்காங்க" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். தெருவைப் பார்த்த முகப்பில் டைல்ஸ், பக்கவாட்டில் மேல்மாடிகளுக்கு நெளித் தகரம், அடுத்த வீட்டில் மீன் செதில் மாதிரி அடுக்கிய கருப்பு ஸ்லேட் கல். இந்த வீடுகளில் கீழே கருங்கல் சுவர் என்றாலும், மேலே பல இடங்களில் மரச்சட்டத்தில் மெல்லிய மரப்பட்டிகள் அடித்துச் சாந்து பூசிய சுவர்தான், "தபீக்" என்கிறார்கள். தண்ணீர் இறங்கினால் மரம் உளுத்துவிடும். ஆக டைல்ஸ், ஸ்லேட், தகரம் எல்லாமே இந்த வீடுகளுக்கு மழைக்கோட்டு! நல்ல வெயிலில் வந்திருந்தால் எனக்கு இது தோன்றியே இருக்காது.

அக்டோபர் 22, செவ்வாய்

காற்று பலம், குடை ஒன்று போயே போய்விட்டது. 1886-இல் திறந்த லூயிஸ் பாலத்தின் மேல்தட்டில் மெட்ரோ ஓடும், அதே தட்டில் நாமும் நடக்கலாம். பாதி வரை போய்த் திரும்பிவிட்டோம்.

இறங்கி ஆற்றங்கரையோடு மிராகாயா என்ற பகுதிக்குப் போனோம். ஒரு காலத்தில் இதன் முன்னால் மணல் கரை இருந்ததாம். 1859-இல் அங்கே சுங்க மாளிகை கட்டத் தொடங்கினார்கள். இப்போது வீடுகள் பெரிய சாலையைவிடத் தாழ்வாக, வளைவுத் தாழ்வாரங்களுக்குப் பின்னால் இருக்கின்றன. டோரு ஆறு பெருகினால் முதலில் தண்ணீர் வருவது இங்கேதான், 1909 டிசம்பர் வெள்ளம் இன்றும் பேச்சில் இருக்கிறது. தாழ்வாரத்தில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே யாரோ துணிக்கொடிக்கு மேல் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துவிட்டார்கள்.

இரவு கால்து வேர்டே, உருளைக்கிழங்கும் கீரையும் போட்ட சூப். தொத்திறைச்சி இல்லாமல் கேட்டு வாங்கினோம்.

அக்டோபர் 23, புதன்

கடைசி நாளுக்கென்று வைத்திருந்தது கார்லோஸ் அல்பர்த்து சதுக்கத்தில் உள்ள பான்கு து மத்தெரியைஷ், அதாவது பொருள் வங்கி. நகராட்சி நடத்துவது. இடியும் வீடுகளிலிருந்தும் பழுதுபார்க்கும் வீடுகளிலிருந்தும் மீட்ட டைல்ஸை வகை பிரித்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஊரில் யார் வீட்டு முகப்பிலாவது நாலு டைல்ஸ் விழுந்துவிட்டால், அதே வகை இருப்பில் இருந்தால் இலவசமாகக் கொடுக்கிறார்கள். டைல்ஸ் முகப்புகளை இடிக்கக் கூடாது என்று 2017-இல் நாடு முழுமைக்கும் சட்டமே வந்துவிட்டது. ஆனால் எனக்குச் சட்டத்தைவிட இந்த அடுக்குகள்தான் பெரிதாகத் தெரிந்தன. யாரோ ஒருவர் ஒவ்வொன்றிலும் பழைய சாந்தைச் சுரண்டி எடுத்திருக்கிறாரே.

திங்கட்கிழமை தடவிப் பார்த்த அதே மஞ்சள் பூ ஓர் அடுக்கில் இருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரும்பும் வழியில் மழையோடு மழையாக அந்தத் தெருவுக்கே மறுபடி போனோம். வாசலுக்கு இடப்பக்கம் மூன்று டைல்ஸ் விழுந்து சிமென்ட் தெரிந்தது.