ஓதம் ஏறிய சுவரோடு ஆறு வாரங்கள்

பழைய கிராமத்து வீடொன்றில் கலைஞர்கள் சில வாரம் தங்கிப் படைக்கும் உறைவிடத் திட்டத்துக்கு விண்ணப்பித்தபோது, நான் அனுப்பிய முன்மொழிவில் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை நேர்காணலில் காட்சியை வடிவமைக்கும் க்யூரேட்டர் சொல்லித்தான் உணர்ந்தேன். கையால் செய்த தாளில் இருபது மைச்சித்திரங்கள், ஒரே அளவு, ஒரே உயரம், ஒரே வரிசை என்று எழுதியிருந்தேன். "இதை எந்த வெள்ளைச் சுவரிலும் மாட்டலாமே, இங்கே வந்து ஆறு வாரம் தங்குவானேன்?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னது ஜப்பானின் நவோஷிமா தீவிலுள்ள கடோயா என்ற வீட்டை. ஏறத்தாழ 200 ஆண்டுப் பழமையான அந்த வீட்டை 1998-இல் பழுதுபார்த்தபோது, ஜப்பானியக் கலைஞர் தட்சுவோ மியாஜிமா அதன் அறைத்தரையில் நீர் தேக்கி, எல்.இ.டி. எண்கள் 125-ஐ அதில் அமைத்தார்; ஒவ்வோர் எண்ணும் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் அவ்வூர் மக்கள். வீட்டையும் ஊரையும் நீக்கிவிட்டால் அந்தப் படைப்பில் மிஞ்சுவது சில விளக்குகள்தான். முன்மொழிவைத் திருத்தி அனுப்பப் பத்து நாள் அவகாசம் கிடைத்தது. நேரில் பார்க்காத வீட்டைப் பற்றி எதையாவது புனைந்து எழுதுவதற்கு மனம் ஒப்பாததால், "முதல் இரண்டு வாரம் சுவரைப் பார்ப்பேன், பிறகே வரைவேன்" என்று ஒரே பத்தியில் முடித்தேன். அதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

சேர்ந்த அன்றே ஒப்பந்தம் கையில் வந்தது. ஆணி அடிக்கக் கூடாது, துளையிடக் கூடாது, வண்ணம் பூசக் கூடாது, வைத்த எதையும் தடமின்றி எடுக்க முடிய வேண்டும். பாரம்பரியக் கட்டடங்களில் தேவைப்படும் அளவுக்கு மட்டும் கைவைத்து, மற்றபடி இயன்றவரை குறைவாக மாற்ற வேண்டும் என்று 1979-இல் ஆஸ்திரேலியாவில் உருவான பர்ரா சாசனம் சொல்லும் நெறியைத்தான் அந்த விதிகளும் பின்பற்றின. எனக்கு ஒதுக்கிய அறையின் நிலை அறிக்கையை நானும் பொறுப்பாளரும் சேர்ந்து எழுதினோம்: விரிசல் எங்கே, உத்தரத்தில் செல்லரித்த தடம் எங்கே, பூச்சு எங்கே பொருமியிருக்கிறது என ஒவ்வொன்றையும் அளந்து, படமெடுத்து, இருவரும் கையெழுத்திட்டோம். அலுப்பான வேலைதான். ஆனால் மாலைக்குள் அந்த அறையை நான் வேறெந்த அறையையும் அறியாத அளவுக்கு அறிந்திருந்தேன்.

மேற்குச் சுவரில் தரையிலிருந்து 90 செ.மீ. உயரம்வரை சிமெண்ட் பூச்சு, அதற்கு மேலே பழைய சுண்ணாம்புப் பூச்சு. இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு ஒரு சாண் மேலே, சுவரின் முழு நீளத்துக்கும், உப்புப் பூத்து ஒரு வெண்கோடு வளைந்து வளைந்து ஓடியது. அதன் காரணம் எனக்குப் புரிவதற்கு முன்னால் ஒரு தவறு செய்தேன். இரட்டைப்பசை நாடாவில் தாள் நிற்குமா என்று பார்ப்பதற்காக, கண்ணுக்குப் படாத மூலை என்று நினைத்த இடத்தில் ஒரு துண்டை ஒட்டினேன். மறுநாள் இழுத்தபோது உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு அதனோடு உரிந்து வந்தது. பொறுப்பாளரிடம் போய்ச் சொல்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவர் திட்டவில்லை, நிலை அறிக்கையில் புதிய வரி ஒன்றை எழுதி என் முன் நீட்டினார். அந்த மௌனத்துக்குத் திட்டே மேல்.

பழுதைச் சரிசெய்ய வந்த முதிய கொத்தனார் உரிந்த இடத்தை நனைத்து, சுண்ணாம்புச் சாந்தை மெல்லிய படலங்களாக ஏற்றி, ஒவ்வொரு படலமும் பதமாகும்வரை ஈரத்துணி போர்த்தினார். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். அவசரப்பட்டுக் காயவிட்டால் வெடிக்கும். வேலைக்கு நடுவே வெண்கோட்டைக் காட்டி, "சிமெண்ட் பூசினவங்க தண்ணியைத் தடுக்கல தம்பி, மேல ஏத்தி விட்டுட்டாங்க" என்றார். தரையிலிருந்து சுவருக்குள் ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகி வெளியேறிவிடும். சிமெண்ட் அதை அடைத்ததால் நீர் இன்னும் உயர ஏறி, அடைப்பு முடியும் இடத்தில் வெளியேறி, தன்னோடு கொண்டுவந்த உப்பை அங்கே விட்டுச் செல்கிறது. நான் வரைய வேண்டியது என்னவென்று அப்போது தெரிந்தது.

சுவரைத் தொடாமல் கோட்டைப் படியெடுப்பதற்காக, ஒளி ஊடுருவும் தாளை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுவருக்கு விரல் அகலம் முன்னால் நிறுத்தினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், தூரிகையால் கோட்டின் விளிம்பைத் தொடர வேண்டும். மூச்சு சற்று வேகமானால்கூடத் தாள் நெளியும். காலைதோறும் ஒரு படி. மழை நாட்களில் ஈரப்பதமானி 80 விழுக்காட்டைத் தொட்டபோது வெண்மை மறைந்து வெறும் ஈரக்கறை தெரிந்தது. வெயில் வந்த இரண்டாம் நாள் உப்பு மீண்டும் பஞ்சுபோலப் பூத்தது. சாதாரண உப்பும் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைந்துவிடும். சமையலறை உப்புச் சாடியில் எல்லோரும் கண்டதுதான். நான் கொண்டுவந்த கையால் செய்த தாள்கள் இதே ஈரத்தில் நெளிந்து, இரண்டில் பூஞ்சையும் பிடித்ததால், அவற்றை மூட்டை கட்டிவிட்டேன்.

ஐந்தாம் வார முடிவில் 24 படிகள் சேர்ந்திருந்தன. அவற்றைத் தொங்கவிட்ட வேலைதான் வரைந்ததைவிடக் கடினம். உத்தரத்தில் அகலமான பருத்தி நாடாவைச் சுற்றி, அதில் மெல்லிய மரச்சட்டங்களைக் கட்டி, ஒவ்வொரு படியையும் மற்றொன்றின் பின்னால் நான்கு விரல் இடைவெளியில் நூலால் தொங்கவிட்டோம். தாளில் செய்த படைப்புகளுக்கு வழக்கமாகப் பரிந்துரைக்கும் 50 லக்ஸ் ஒளியைச் சன்னல் உள்ள அறையில் கட்டிக்காப்பது எளிதன்று. துணித்திரை இரண்டு மடங்காகி, பிறகு மூன்றானது. கடைசியில் எட்டிப் பார்த்த க்யூரேட்டர், சட்டங்கள் சுவருக்கு இணையாக இல்லை என்றார். அளந்து பார்த்தால் வளைந்திருந்தது சுவர். அவிழ்த்து, சுவரின் வளைவுக்கு ஏற்ப மீண்டும் கட்ட ஒரு முழு நாள் போயிற்று.

திறப்பு நாளன்று வந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் படைப்புகளைவிட வீட்டைத்தான் பார்த்தார்கள்; எங்கே எந்தக் கதவு இருந்தது என்று ஒருவருக்கொருவர் திருத்திக்கொண்டார்கள். எனக்கு முதலில் சற்று வருத்தமாகவும் இருந்தது. பிறகு ஓர் அம்மாள் தாள்களுக்கு இடையே புகுந்து சுவரருகே போய் நின்றார். சிறுமியாக இருந்தபோது இந்த வீட்டுக்கு வந்து போனவராம். "இந்த உப்பு இவ்வளவு உயரம் ஏறாதுப்பா. அந்தச் சுவரலமாரியோட அடித்தட்டைத் தாண்டினதே இல்ல" என்றார். சிமெண்ட் எப்போது பூசினார்கள் என்று கேட்டேன். தன் திருமணத்துக்குப் பிறகு என்று மட்டும் அவருக்கு நினைவிருந்தது.

காட்சி முடிந்து, நூல், நாடா, சட்டம் எல்லாவற்றையும் கழற்றிய பின், நானும் பொறுப்பாளரும் நிலை அறிக்கையோடு மீண்டும் அறையைச் சுற்றி வந்தோம். கொத்தனார் பூசிய இடம் இன்னும் ஒரு நிழல் வெளிறித் தெரிந்தது, அதையும் எழுதிக்கொண்டோம். மேற்குச் சுவருக்கு வந்தபோது அலமாரியின் அடித்தட்டு உயரத்தை அளக்கச் சொன்னார். 45 செ.மீ. உப்புக்கோடு அன்று 112. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முதல் எண்ணுக்கு எதிரே "ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னது" என்று குறித்துவிட்டு, பேனாவை என்னிடம் தந்தார்.