இட்லி நிரபராதி

பெரியப்பாவுக்கு இட்லியைக் கடித்துப் பல் உடைந்துவிட்டது.

எழுத்துப் பிழை இல்லை. முறுக்கோ ஆட்டு நல்லியோ இல்லை, இட்லிதான். அதுவும் சாம்பாரில் ஊறிக் கிடந்த இட்லி. கொழிஞ்சாம்பாறையில் எங்கள் சொந்தபந்தம் பூராவுக்கும் காலையிலேயே சேதி போய்விட்டது. கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிப் பொள்ளாச்சி போய்ச் சேருவதற்குள், "அந்தூட்டு இட்லிய எறிஞ்சா நாய்க்கு மண்ட ஒடையுமாமா" என்று வளர்ந்துவிட்டது.

பெரியம்மா யாரோடும் பேசவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதலாக அந்த வீட்டுக்கு மாவாட்டிய கை. அவரிடம் போய், உடைந்த துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "உளுந்து கம்மியாப் போட்டயா?" என்று பெரியப்பா கேட்டிருக்கிறார். அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்ததோ.

அந்தப் பல்லுக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. கல்யாண வீட்டில் சோடாப் பெட்டி இறங்கினால் யாரும் ஓப்பனரைத் தேட மாட்டார்கள், பெரியப்பாவைத்தான் தேடுவார்கள். கடவாயில் வைத்து ஒரு திருகு, மூடி எகிறும். சிறுசுகள் கை தட்டும். மோட்டார் வயருக்குத் தோல் உரிப்பது, உரமூட்டைத் தையலைப் பிரிப்பது எல்லாமே வாயால்தான். "ஆண்டவன் கைய ரெண்டுதான் குடுத்தான், பல்ல முப்பத்திரண்டு குடுத்திருக்கான். எதுக்குன்னு யோசிக்க வேண்டாமா?" என்பார்.

பல் டாக்டரிடம் நான் கூட்டிப்போனேன். பெரியம்மாவும் கிளம்பிவிட்டார். "என்ன சொல்றாங்கன்னு என்ற காதுல கேக்கோணும்" என்றார்.

கிளினிக்கில் நல்ல கூட்டம். பக்கத்தில் ஒரு டெய்லர். நூலைக் கடித்துக் கடித்தே அவருடைய முன்பல்லின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு விழுந்திருந்தது. எதிரே ஒருவர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சொத்தைப்பல் வலிக்கு ஈற்றோரம் வலி மாத்திரையை ஒதுக்கி வைத்து, அது ஈறையே வேகவைத்துவிட்டதாம். மாத்திரை வயிற்றுக்குள் போய் ரத்தத்தில் கலந்தால்தான் வலியை நிறுத்தும். தோலோடு ஒட்டிக் கிடந்தால் ஆஸ்பிரின் அமிலம் சுட்டுவிடும். அந்த அறையில் இருந்த எல்லோரும், என்னையும் பெரியம்மாவையும் தவிர, பல்லுக்கு ஏதோ நல்லது செய்யப் போய் அங்கே வந்து சேர்ந்தவர்கள் மாதிரிதான் தெரிந்தது.

டெய்லர் பெரியப்பாவைக் கேட்டார். "உங்களுக்கு என்னுங்க ஆச்சு?"

"எலும்புங்க. கறி தின்னப்ப" என்றார் பெரியப்பா. பெரியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டார்.

டாக்டர் சின்னப் பொண்ணு. அழகான பாலக்காட்டுத் தமிழ். வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்ததும் முதல் கேள்வியே, "அப்பா வலது கைக்காரரா?" பெரியப்பா ஆடிப்போய்விட்டார். வந்திருப்பது டாக்டரிடமா, ஜோசியரிடமா என்று என்னைப் பார்த்தார். விஷயம் வேறொன்றுமில்லை. இடப்பக்கப் பற்கள் ஈறோரம் அதிகமாகத் தேய்ந்து பள்ளமாக இருந்தன. வலது கையில் பிரஷ் பிடிப்பவர்கள் பலருக்கும் அழுத்தம் இடப்பக்கம்தான் கூடுமாம். பெரியப்பா பல் விளக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. ரம்பம் போடுகிற வேகத்தில் குறுக்கே இழுப்பார். பிரஷ் தலைவிரிகோலமாகி, பார்க்கவே பரிதாபமாக இருக்கும்.

"அப்போ இட்லி?" என்றார் பெரியம்மா. வந்த காரியத்தில் குறியாக இருந்தார்.

"இட்லி ஒண்ணும் பண்ணலம்மா. இது எப்பவோ விரிசல் விட்ட பல்லு. கார் கண்ணாடியில முடி மாதிரி ஒரு கீறல் விழும். அது ஓடி ஓடி, ஒரு நாள் கதவச் சாத்தினாலே பொளந்துடும். பாட்டில் மூடி, வயர் எல்லாம் கடிச்சப்ப விழுந்த கீறல் இது. அன்னைக்கு வாயில இருந்தது இட்லி, அவ்வளவுதான்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க அம்மிணி" என்றார் பெரியம்மா. டாக்டர் சத்தமாகச் சொன்னார். வெளியில் உட்கார்ந்திருந்த டெய்லருக்கும் கேட்டிருக்கும்.

உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் மேலிருக்கும் எனாமல்தான், எலும்பு கூட அதற்கு அப்புறம்தான். பெரியப்பாவின் நம்பிக்கை அதுவரை சரி. ஆனால் அது கடைவாய்ப்பல்லின் முகட்டிலேயே இரண்டரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதில் உயிருள்ள செல் கிடையாது. ஒடிந்த எலும்பு கூடும், உடைந்த எனாமல் வளராது. கெட்டி என்றால் உடையாது என்று அர்த்தம் இல்லை, பீங்கானும் கெட்டிதானே.

அப்புறம் கறைப் பிரச்சினை வந்தது. எங்கள் சித்தூர் தாலுகாவில், பாலக்காட்டின் கிழக்கோரத்தில், போர்த் தண்ணியில் ஃபுளோரைடு பல இடங்களில் அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. அதிகம் இருக்கிற தண்ணியைச் சின்ன வயசில், பல் உருவாகிற காலத்திலேயே குடித்து வளர்ந்தால் பல்லில் காவிக் கறை விழுந்துவிடும். கறை மேலே ஒட்டிய அழுக்கு இல்லை, எனாமலுக்குள்ளேயே இருப்பது. இதைத் தெரியாமல் பெரியப்பா உப்பு, உமிக்கரி, அப்புறம் பொறுமை இழந்து செங்கல் பொடி என்று பல வருசம் தேய்த்திருக்கிறார். கறை அப்படியே இருக்கிறது, பல்தான் போய்விட்டது.

"இனி ஃபுளோரைடு பேஸ்ட் போடுங்க, மெதுவா விளக்குங்க" என்றார் டாக்டர்.

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "தண்ணியில இருந்தா கெடுதல், பேஸ்ட்டுல இருந்தா நல்லதா? இதென்ன நாயமுங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். "தண்ணியக் குடிக்கிறீங்க, பேஸ்ட்டத் துப்பறீங்க அப்பா. பட்டாணி அளவு வெச்சாப் போதும்." சாப்பாட்டுக்குப் பின்னால் அவர் குடிக்கிற உப்புச் சோடா நாரங்காவையும் விடவில்லை. எலுமிச்சை அமிலம் பட்டதும் எனாமல் கொஞ்ச நேரம் இளகி நிற்கும். அந்த நேரம் பார்த்து பிரஷ்ஷைப் போட்டால் தேய்மானம் கூடும். தண்ணியில் கொப்புளித்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் கழித்துத்தான் விளக்க வேண்டும். பெரியப்பா அதுவரை புளிப்புப் போகட்டும் என்று உடனே விளக்குகிறவர்.

வெற்றிலை பாக்கு விஷயத்தில் மட்டும் டாக்டர் சிரிக்கவில்லை. மூன்று விரலை நிறுத்தி வைத்து வாயைத் திறக்கச் சொன்னார். மூன்று விரலும் உள்ளே போயிற்று. பாக்கு மெல்லுகிறவர்களுக்கு உள்கன்னம் இறுகி, வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அதற்குத்தான் அந்த அளவு. புகையிலை இல்லாத வெறும் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. பெரியப்பா இடுப்பு மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

வேர் சிகிச்சை, பிறகு கேப் என்று முடிவானது. ஊசி போட்டுப் பாதி வாய் மரத்துப் போனபோதும் அவருக்கு ஒரு சந்தேகம். "கேப்பு போட்டுட்டா சோடா ஒடைக்கலாமுங்களா?"

பெரியம்மாவுக்கு இதற்கு மேல் பொறுமை இல்லை. "பாத்தீங்களா டாக்டரு? இந்த மனுசனுக்கு நான் ஆக்கிப்போட்டு..." என்று கையை ஆட்டி ஆரம்பித்தார். வளையலில் கொத்தாகத் தொங்கிய ஊக்குகள் கிலுகிலுத்தன.

டாக்டரின் கண் அங்கே போனது. "இது எதுக்கும்மா?"

"பொடவைக்குங்க" என்றார் பெரியம்மா, கொஞ்சம் வேகமாகவே.

"பொழவைக்கா!" மரத்த வாயோடு பெரியப்பா எழுந்துவிட்டார். "ழோறு தின்னு எந்திழிச்சா பல்லு இழுக்குல போயிட்டு வாழதே அதுதானுங்க!"

டாக்டர் புதுக் கையுறையை எடுத்தார். "அம்மா, நீங்க இப்படி உக்காருங்க. ஈற எவ்வளவு குத்தி வெச்சிருக்கீங்கன்னு பாப்போம்."

வெளியே டெய்லர் காத்திருந்தார். "முடிஞ்சுதுங்களா?"

"எனக்கு ஒண்ணும் பெழிசா இல்லீங்க" என்றார் பெரியப்பா, கன்னத்தைத் தடவிக்கொண்டே. "ஊட்டுக்காழிக்குத்தான் பல்லு ழொம்ப மோசம். காட்டலாமுன்னு கூட்டியாந்தேன்."