ரீத் துரையின் ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிறு காலையில் வீட்டு இணையம் செத்துப்போனது. பெரியவன் மாடியிலிருந்து இறங்கி வந்த வேகத்துக்கு, கூரையே பறந்துவிட்டது என்று நினைத்தேன். சின்னவள் ரவுட்டரை அணைத்துப் போட்டாள், தட்டினாள், தேங்காய் உடைக்காததுதான் குறை. மாமியாரின் சீரியலில் வில்லி வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றாள். இணைப்புக் கொடுத்த புண்ணியவான்களுக்கு மனைவி போன் போட்டாள். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்’ என்று ஓர் இயந்திரம் உருகியது. அப்புறம் ஒரே பியானோ.

பியானோ கேட்டதும், பழைய வானொலிக் கதை என்றால் உயிரை விடுகிற எனக்கு 1930 ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருந்தால்தான் உங்களுக்கு ஆச்சரியம். அந்த ஆண்டு ஏப்ரல் 18, பெரிய வெள்ளி. இரவு 8.45 செய்திக்கு ஊரே காது கொடுத்துக் காத்திருக்க, லண்டன் பிபிசி வானொலியின் அறிவிப்பாளர் ‘இன்று செய்தி எதுவும் இல்லை’ என்று சொல்லிவிட்டார். மிச்ச நேரத்துக்குப் பியானோவைப் போட்டுவிட்டார்கள். யோக்கியர்கள்! இப்போதெல்லாம் ஒரு நடிகர் முடி வெட்டிக்கொண்டாலும் சிவப்புப் பட்டையில் ‘முக்கியச் செய்தி’ ஓடுகிறது. இதை மனைவியிடம் விளக்கினேன். “போனைப் பிடியுங்கள், இட்லி வேகிறது” என்றாள்.

கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவேனா? இன்று நம் வீட்டில் ரீத் ஞாயிறு என்று அறிவித்தேன். பிபிசியின் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத், ஆறரை அடி உயரம், ஸ்காட்லாந்துப் பாதிரியாரின் மகன். ஞாயிறு காலையில் ஜனங்கள் தேவாலயம் போகட்டும் என்று நிகழ்ச்சியே வைக்க மாட்டார். மதியத்துக்கு மேல்தான் வானொலி வாய் திறக்கும். திறந்தாலும் வழிபாடு, பிரசங்கம், கனமான உரை, அதைவிடக் கனமான சங்கீதம். நடன இசையா? மூச்! நகைச்சுவையா? மூச்! இதைக் கேட்க வருடத்துக்குப் பத்து ஷில்லிங் லைசென்ஸ் கட்டணம் வேறு. 1926 முதல் மாலை நேர அறிவிப்பாளர்கள் விருந்துக்குப் போகிற கோட்டு போட்டுக்கொண்டுதான் மைக் முன்னால் உட்கார வேண்டும். வானொலியில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கக் கூடாது. நானும் பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்துடன் கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். “யாருக்குக் கல்யாணம்?” என்றான் பெரியவன்.

மதியம் தேவாரத்துடன் நிலையம் திறந்தது. மாமியாருக்குப் பரம சந்தோஷம். அடுத்து என் உரை. 1922 நவம்பர் 14 அன்று லண்டன் ஸ்ட்ராண்ட் தெரு மார்க்கோனி ஹவுஸிலிருந்து பிபிசி ஒலிபரப்பு தொடங்கியதைச் சொன்னேன். மறு வருடம் சவாய் ஹில்லுக்குக் குடிபோனதைச் சொன்னேன். 1924 மே மாதம் சரே தோட்டத்தில் பியாட்ரிஸ் ஹாரிசன் செல்லோ வாசிக்க, நைட்டிங்கேல் குருவி கூடவே பாடியதை நாடே கேட்டது என்ற கட்டத்துக்கு வந்து நிமிர்ந்தால், எதிரே பாதி சோபா காலி.

ரீத்துக்கும் இதே கதிதான். ஏற்கெனவே பிரான்ஸிலிருந்து ஒலித்த நார்மண்டி வானொலி போதாதென்று, 1933இல் லக்ஸம்பர்க் நாட்டு வானொலி நிலையமும் ஆங்கிலத்தில் கிளம்பியதும், ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் குமிழைத் திருகிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே பாட்டு, கூத்து, விளம்பரம். ஓவல்டின் பானம் விற்கிறவர்கள் பிள்ளைகளுக்கென்று பேட்ஜும் ரகசியக் குறியீடும் கொடுத்து ஒரு சங்கமே நடத்தினார்கள். எங்கள் லக்ஸம்பர்க், பக்கத்து டீச்சர் வீடு. வீட்டுப்பாடம் என்று சின்னவள் போனாள். துணைக்கு என்று பெரியவன். இருவரையும் கண்காணிக்க என்று என் மனைவி. ஓவல்டின் அங்கேயும் கிடைத்ததாகக் கேள்வி.

மிஞ்சியவர் மாமியார். “மாப்பிள்ளை, நான் கொஞ்சம் பேசலாமா?” என்றார். 1930களில் மிடில்டன் என்பவர் வானொலியில் தோட்டத்தைப் பற்றிப் பேசியே நாடறிந்த ஆளானார். எங்கள் மாமியார் சமையலறை ஜன்னலோரக் கறிவேப்பிலைத் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். குளிரில் இலை உதிர்ந்தால் பயப்படக் கூடாது. புளித்த மோரை நீர்க்க விட வேண்டும். நுனியை நகத்தால் கிள்ள வேண்டும், கத்தரி ஆகாது. கிள்ளிக் காட்டினார். மாமா உயிரோடு இருந்தவரை ஊரில் தினமும் பறித்துக்கொடுத்தது அவர்தானாம். பறிக்கும்முன் செடியிடம் ‘கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன்’ என்று கேட்பாராம். முரட்டு மனிதர் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

1937இல் கடற்படை அணிவகுப்பை வர்ணிக்கப் போன பிபிசி வர்ணனையாளர் உட்ரூஃப், விருந்து முடித்த உற்சாகத்தில் ‘கப்பலெல்லாம் விளக்கு’ என்று உளறிக்கொண்டே போக, நிலையத்தார் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். மாமியாரை நிறுத்த ஆளில்லை. அவர் கிணற்றடிக்குப் போய், அங்கிருந்து தன் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அப்போது ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. அங்கவஸ்திரத்தை அதன்மேல் போட்டுவிட்டு, “அப்புறம், அத்தை?” என்றேன்.

துணியை விலக்கிக் கண்டுபிடித்தது சின்னவள். என்னோடு இன்னும் பேச்சு இல்லை.