நாற்காலியின் முதுகு

வார்டு ஊழியர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். புரொஜெக்டரில் ஓர் ஓவியத்தைப் போட்டு, "என்ன தெரியுது?" என்றார் வகுப்பெடுத்தவர். சோகம், தனிமை, மரண பயம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் "பெட்பேன்" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

பொய்யில்லை, கட்டிலுக்கடியில் அந்தக் காலத்துக் கலம் ஒன்று இருக்கிறது. பக்கத்து மேசையில் மருந்து பாட்டில். 18 வருடம் நர்ஸாக இருப்பவளின் கண் வேறெங்கே போகும்?

நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் 1893-இல் வரைந்தது அது: 'நோயாளி அறையில் மரணம்'. அவருடைய அக்கா சோஃபி 1877-இல் காசநோயில் இறந்தபோது அவளுக்கு வயது 15, இவருக்கு 13. அம்மாவும் அதே நோயில் முன்பே போய்விட்டிருந்தார்.

சாகிறவள் எங்கே என்று தேடினேன். நமக்கு முதுகைக் காட்டும் ஒரு நாற்காலிக்குள் மறைந்துபோயிருக்கிறாள். தெரிவதெல்லாம் சுற்றி நிற்பவர்கள்தான். ஒரே அறை; ஆனாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அப்பா கைகூப்பி நிற்கிறார். அவர் ராணுவ மருத்துவராம். கேட்டதும் எனக்கு என்னவோ செய்தது. மருந்து மேசையில் இருக்க டாக்டரே கைகூப்பினால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா?

16 வருடத்துக்கு முந்தைய சாவுதான். ஆனால் குடும்பத்தாரை, வரைகிற காலத்து வயதில் நிறுத்தியிருக்கிறார். அது காலத்தின் குறியீடு என்று கொஞ்ச நேரம் விளக்கம் ஓடியது. எனக்கென்னவோ, அவர்கள் அந்த அறையைவிட்டு வெளியே வராமல் உள்ளேயே வளர்ந்துவிட்டார்கள் என்றுதான் பட்டது.

அப்புறம், இடது ஓரத்தில் ஒருவன் கதவுப் பக்கம் திரும்பி நிற்கிறான். இந்த மாதிரி ஆட்களை எனக்குப் பிடிக்காது. பெற்றவள் மூச்சுக்குத் தவிக்கும்போது வராந்தாவில் போனை நோண்டுகிறவர்களை 'கல்நெஞ்சு' என்று டியூட்டி ரூமில் பேசியிருக்கிறோம். நானும்தான்.

அடுத்த வாரம் நைட் டியூட்டி. கடைசிக் கட்டிலில் ஒரு பாட்டி. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியாயிற்று. மகள்கள் காலைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்கள். மகன் மட்டும் கதவோரம் நின்று, சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார். ஈரப் பஞ்சால் பாட்டியின் உதட்டை நனைக்க நான் போனபோதும் திரும்பியபோதும் அதே லேபிள். மொத்தம் நாலு வரி இருக்கும்.

ஒரு ஸ்டூலைக் கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டேன். உட்காரவில்லை.

"சிஸ்டர், இது தேதி முடிஞ்சுபோச்சு. மாத்தச் சொல்லுங்க."

"சரிங்க சார், காலையில சொல்லிடறேன்" என்றேன்.